மேடையில் கொடுக்க முன் பிள்ளையை அளந்து பாருங்கள்

டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம் வந்தால் எங்கள் ஊர்ச் சங்கங்களும் புலம்பெயர்ந்த உறவுகளும் பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி கொடுக்க முன்வருவார்கள். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பிள்ளையை அளக்காமல் வாங்காதீர்கள்.

பெரியவர்களுக்கான சாதாரண நாற்காலியின் இருக்கை 18 அங்குல அகலம். ஆறு வயதுப் பிள்ளையின் இடுப்பு அதில் பாதிதான் வரும். மூளைவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவைக் கட்டுப்படுத்த முடியாத நிலை) உள்ள பிள்ளையை அதில் இருத்தினால் ஒரு பக்கம் சரிந்தே கிடக்கும். போகப்போக முதுகெலும்பும் வளையலாம். இருக்கையின் ஆழம், அதாவது முன்விளிம்பிலிருந்து முதுகுச்சாய்வு வரையான நீளம், கூடினால் இன்னும் மோசம். இடுப்பு முன்னுக்கு வழுக்கி, கழுத்து பின்னுக்குச் சாயும். அப்படியே சோறு தீத்தினால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். சில பிள்ளைகளுக்கு நெஞ்சுச்சளி திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டிலில் கிடத்தி அளக்க வேண்டாம். பலகை வாங்கில் நிமிர்த்தி இருத்தி, ஒருவர் பிடிக்க மற்றவர் அளக்கட்டும். இடுப்பின் அகலமான இடம்தான் இருக்கையின் அகலம். முதுகுப்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து ஒன்றரை அங்குலம் குறைத்தால் ஆழம். மடிப்பிலிருந்து குதிக்கால் வரை, பாதம் வைக்கும் கால்மிதிக்கான அளவு. மெத்தை போட்டபிறகு பாதம் தொங்கினால் கால்மிதியை உயர்த்த வேண்டும். முதுகு ஏற்கெனவே வளைந்த பிள்ளை என்றால் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) பார்க்காமல் எதையும் வாங்கவே கூடாது.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளி, குச்சவெளிப் பக்க மணல் ஒழுங்கைகளில் சின்ன முன்சில்லு புதைந்துவிடும்; பெரிய, அகலமான சில்லு கேளுங்கள். உப்புக் காற்றுக்கு பெயரிங் துருப்பிடிக்கும். ஊரிலுள்ள சைக்கிள் கடைக்காரர் ஒருவரைப் பொறுப்பாக்கி, மாதம் ஒருமுறை துடைத்து கிறீஸ் போட வையுங்கள்.

வாசலில் அரை அடிப் படி இரண்டு இருந்தால் சரிவுப்பாதைக்கு 12 அடி நீளம் வேண்டும். நாலு அடியில் சீமெந்து பூசிவிட்டுப் போனால் தாயால் தனியே தள்ளி ஏற்ற முடியாது, இறக்கும்போது பிள்ளை முன்னால் சரியும்.

பிள்ளை வளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். அளவு சிறிதாகிப்போன நாற்காலியை வீட்டு மூலையில் விடாமல், பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சொல்லி அடுத்த பிள்ளைக்கு மாற்றலாம்.

இருபது நாற்காலிக்குச் சேர்த்த காசில் பத்தை ஒழுங்காக வாங்குங்கள். மிச்சத்தைத் திருத்த வேலைக்கும், மூதூர், வெருகல் பக்கத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வரும் தாய்மாரின் ஓட்டோக் கூலிக்கும் ஒதுக்குங்கள். பிள்ளையின் படத்தைப் பதாகையில் போட வேண்டாம்.