ஏஇடி இருக்க வேண்டிய இடம் வாட்ச்மேன் அறை

திடீரென நின்றுபோகும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கையடக்க டிஃபிபிரிலேட்டரை, சுருக்கமாக ஏஇடியை, சென்னையில் செய்யக் கிளம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு என் முழு ஆதரவு உண்டு. தரமணிப் பக்கம் அப்படி ஒரு ஸ்டார்ட்அப்பில் கூப்பிட்டார்கள் என்று போய்ப் பார்த்தேன். டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கருவி. மூடியைத் திறந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் சொல்ல ஆரம்பிக்கிறது. மருத்துவமனைக் கருவிகளைச் சோதிப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. அந்தக் கண்ணோடு பார்த்தும் சொல்கிறேன், நன்றாகச் செய்திருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் நான் அதிகம் பேசியது கருவியைப் பற்றி அல்ல. இதை எங்கே வைக்கப் போகிறீர்கள், யார் எடுத்துக்கொண்டு ஓடுவார் என்பதைப் பற்றித்தான்.

மாரடைப்பு வேறு, இதயம் திடீரென நின்றுபோவது வேறு. மாரடைப்பில் ரத்தக் குழாய் அடைபடுகிறது. பெரும்பாலும் ஆள் நினைவோடு இருப்பார், வலிக்கிறது என்று சொல்வார். இன்னொன்றில் ஆள் அப்படியே சரிந்துவிடுவார். பல நேரங்களில் இதயம் அந்த நொடியே முழுதாக நின்றுவிடுவதில்லை. கீழறைகள் ஒழுங்கில்லாமல் நடுங்கிக்கொண்டிருக்கும், ரத்தம் மட்டும் வெளியே போகாது. அந்த நடுக்கத்தை ஒரு மின்னதிர்ச்சியால் மொத்தமாக நிறுத்தினால், இதயம் தன் தாளத்தைத் தானே பிடித்துக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. நெஞ்சை அழுத்தாமல், அதிர்ச்சியும் கொடுக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதத்தைக் கொண்டுபோய்விடும்.

108 ஆம்புலன்ஸ் தமிழ்நாட்டுக்கு வந்தது 2008-ல். அதனால் பிழைத்தவர்கள் ஏராளம், அந்த ஊழியர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் மாலை ஏழு மணிக்கு ஓஎம்ஆரில் நாலு நிமிடத்துக்குள் வந்து சேர எந்த வண்டியால் முடியும்? தீபாவளி சமயத்து ரங்கநாதன் தெருவில் ஆம்புலன்ஸ் நுழையவே வழி கிடையாது. முதல் சில நிமிடங்கள் பக்கத்தில் நிற்கிறவர்கள் கையில்தான் இருக்கின்றன.

கருவியைச் சின்னதாக்கும் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. 1965-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ் என்ற மருத்துவர் டிஃபிபிரிலேட்டரை ஆம்புலன்ஸில் ஏற்றினார். கார் பேட்டரியில் ஓடிய அந்தக் கருவியின் எடை சுமார் 70 கிலோ. 1968-க்குள் அதை மூன்று கிலோ சொச்சத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நமக்கு இன்றுவரை வராமல் இருப்பது அதை எடுத்து ஓடும் ஆள்.

அமெரிக்க சூதாட்ட விடுதிகளில் செக்யூரிட்டி ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஏஇடியை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார்கள். முடிவுகள் 2000-ல் வெளியாயின. மற்றவர்கள் கண்ணெதிரே சரிந்து, இதயம் அப்படி நடுங்கிக்கொண்டிருந்த நிலையில், மூன்று நிமிடத்துக்குள் அதிர்ச்சி கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். மூன்று நிமிடம் தாண்டிக் கிடைத்தவர்களில் 49 சதவீதம். கருவியை எடுத்து ஓடியவர்கள் டாக்டர்கள் இல்லை, வாசலில் நிற்கும் காவலர்கள்.

நம் ஊரில் காவலர்களுக்கா பஞ்சம்? பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், போரூர் என்று எங்கே போனாலும் கேட்டுக்கு இருவர் நிற்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் விழித்திருக்கிற ஆள் அவர்தான். எந்த பிளாக்குக்கு எந்த லிஃப்ட் என்று அவருக்குத்தான் தெரியும். இதயம் நின்றுபோகும் சம்பவங்களில் பெரும்பாலானவை வீட்டில்தான் நடக்கின்றன. அதனால் கருவியும் வாட்ச்மேன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இன்னொன்றும் அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன்: தமிழில் பேசுவது சரி, இந்தியும் ஒடியாவும் சேருங்கள். இன்றைக்கு நம் கேட்டில் நிற்கும் பையன்களில் எத்தனையோ பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள்.

வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. ஒரு குடியிருப்பில் ஏஇடியைச் சுவரில் அழகாக மாட்டியிருந்தார்கள். கண்ணாடிக் கதவில் பூட்டு. சாவி சங்கச் செயலாளர் வீட்டில், வீட்டிலோ ஆள் இல்லை. சாவி வந்து திறந்து பார்த்தால், அதிர்ச்சி கொடுக்க நெஞ்சில் ஒட்டும் பேட் இருக்கும் உறையில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதி எப்போதோ கடந்துபோயிருந்தது. அந்த பேட்டில் உள்ள ஜெல் காய்ந்தால் நெஞ்சில் சரியாக ஒட்டாது, மின்சாரமும் சரியாகப் பாயாது. பேட்டரிக்கும் ஆயுள் உண்டு, பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தீரும். கருவி தன்னைத் தானே சோதித்துக்கொண்டு ஒரு சின்ன விளக்கில் நிலைமையைக் காட்டும். அந்த விளக்கைப் பார்க்கும் வேலையை ஷிஃப்ட் மாறும்போது எழுதும் ரெஜிஸ்டரிலேயே ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் போதும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். பெரும்பாலான ஏஇடிகள் 50 டிகிரி வரைதான் தாங்கும். மே மாதத்தில் தகரக் கூரை போட்ட அறையில் ஜன்னலோரம் வைத்தால் அது தேறாது, நிழலான சுவரில் மாட்டுங்கள். பையில் ஒரு துண்டு, ஒரு ரேசர், ஒரு கத்தரிக்கோல் கட்டாயம் வேண்டும். வியர்வையைத் துடைக்காமல் பேட் ஒட்டாது. விழுந்தவர் பெண் என்றால் ரவிக்கையைத் தொடக் கூச்சப்பட்டுச் சுற்றி நிற்கிறார்கள். கத்தரிக்கோல் இருக்கிறது, வெட்டுங்கள். இரண்டு பேர் சேலையைப் பிடித்து மறைத்துக்கொள்ளட்டும்.

அப்புறம், யாராவது விழுந்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பது, சோடாவை வாயில் ஊற்றுவது, கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது. இவற்றில் எதுவும் நின்ற இதயத்தை ஓட வைக்காது. திக்கித் திணறி இரண்டு மூச்சு வருவதைப் பார்த்து “மூச்சு இருக்கு” என்று விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. கூப்பிட்டும் தட்டியும் அசையவில்லை, மூச்சும் சீராக இல்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்க, ஒருவர் ஏஇடிக்கு ஓட, ஒருவர் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். தப்பாக ஷாக் கொடுத்துவிடுவோமோ என்று பயமே வேண்டாம். துடிப்பைக் கருவியே பார்க்கிறது, தேவையில்லை என்றால் அதிர்ச்சி தராது.

போலீஸ், கேஸ் என்ற பயமும் நியாயமானதுதான். உதவ வருபவர்களுக்குப் பாதுகாப்பாக 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவைச் சேர்த்தார்கள். ஆனால் அது சாலை விபத்துக்கானது. மெரினாவில் நடைப்பயிற்சியின்போது சரிந்தவருக்கு உதவுபவரைப் பற்றி அதில் பேச்சில்லை. தமிழக அரசு இதற்குத் தனியாக ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும். ஏஇடி வைத்திருக்கும் இடங்களின் பட்டியலையும் 108 கட்டுப்பாட்டு அறைக்குக் கொடுக்க வேண்டும்.

காசு பற்றிப் பேசாமல் முடியாது. ஒரு கருவி லட்சம் ரூபாயை ஒட்டி வருகிறது. 200 வீடுகள் உள்ள குடியிருப்பில் வீட்டுக்கு 500 ரூபாய். திருவல்லிக்கேணி, பழைய வண்ணாரப்பேட்டை சந்துகளிலும் ஹவுசிங் போர்டு பிளாக்குகளிலும் இப்படி வசூலிக்க முடியாது. அங்கே மாநகராட்சிதான் வாங்கித் தர வேண்டும். என்னைக் கேட்டால் ஆட்டோ ஸ்டாண்டில் வைக்கச் சொல்வேன். ராத்திரி பகல் எந்நேரமும் ஆள் இருக்கும், தெருவெல்லாம் அத்துப்படி, வண்டியும் தயாராக நிற்கும்.

எங்கள் குடியிருப்பின் அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேச எழுதிக் கொடுத்துவிட்டேன். வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கம் உங்கள் குடியிருப்பிலோ அலுவலகத்திலோ ஏஇடி இருந்தால், பேட் உறையில் உள்ள தேதியையும் கருவியின் விளக்கையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துத் தருகிறேன், காசு வேண்டாம். வாட்ச்மேன்கள் எல்லா ஷிஃப்ட்டிலிருந்தும் வந்திருந்தால் போதும்.