திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும்

சென்ற மாதம் மினசோட்டாவில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையின் ஜெபக்கூட்டத்தில் ஓர் இளம் தம்பதியர் எழுந்து நின்று, இந்தியாவிலிருந்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கத் தீர்மானித்திருப்பதாகவும், அதற்காகச் சபையார் ஜெபிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் அவர்களைச் சூழ்ந்துகொண்டு வாழ்த்தினார்கள். "ஒரு அநாதைப் பிள்ளையை மீட்டுக்கொண்டு வருகிறீர்கள், கர்த்தர் உங்கள் வீட்டை ஆசீர்வதிப்பார்" என்று மூத்தவர் ஒருவர் சொன்னபோது அந்தப் பெண்ணின் கண்கள் கலங்கின. நானும் அவள் கையைப் பிடித்து வாழ்த்தினேன். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் வந்துவிட்டோம் என்ற உறுத்தல் அன்றிலிருந்து எனக்குள் இருக்கிறது. அவர்களிடம் நேரில் பேசிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

ஒரு கிறிஸ்தவக் குடும்பம் கடல் கடந்து ஒரு குழந்தையைத் தத்தெடுப்பதை நான் எதிர்க்கவில்லை. அந்தக் குழந்தையைப் பத்து மாதம் சுமந்த ஒருத்தி எங்கோ இருக்கிறாள், ஒருவேளை இன்னமும் உயிரோடு இருக்கிறாள் என்பதை மறந்துவிட்டு, அதை மீட்பு என்று சபையில் கொண்டாடுவதைத்தான் எதிர்க்கிறேன்.

இன்று நாம் காணும் வெளிநாட்டுத் தத்தெடுப்பு பெருவழக்காகப் பரவியதற்கு ஒரு கிறிஸ்தவக் குடும்பம் முக்கியக் காரணம். அமெரிக்காவின் ஆரிகான் மாநிலத்தில் கிரெஸ்வெல் என்ற சிற்றூரில் விவசாயமும் மரத்தொழிலும் செய்துவந்த ஹாரி ஹோல்ட், அவர் மனைவி பெர்த்தா ஆகியோரின் குடும்பம் அது. அவர்களுக்கு ஏற்கெனவே ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். ஹாரிக்கு 1950-ல் கடுமையான மாரடைப்பு வந்து, பிழைத்ததே கர்த்தருடைய கிருபை என்ற உணர்வோடு வாழ்ந்துகொண்டிருந்தார். 1954-ன் கடைசியில் யூஜீன் நகரில் ஒரு பள்ளி அரங்கில் வேர்ல்ட் விஷன் அமைப்பினர் காட்டிய படத்தில், கொரியப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்களுக்கும் கொரியப் பெண்களுக்கும் பிறந்து, தகப்பன் யாரென்ற அடையாளமின்றித் தெருவிலும் விடுதிகளிலும் கிடந்த குழந்தைகளைக் கணவனும் மனைவியும் பார்த்தார்கள். முதலில் மாதந்தோறும் பணம் அனுப்பினார்கள். பிறகு எட்டுக் குழந்தைகளைத் தங்கள் வீட்டிற்கே கொண்டுவருவது என்று முடிவு செய்தார்கள்.

அன்றைய சட்டப்படி ஒரு தம்பதியர் இரண்டு அகதிக் குழந்தைகளுக்கு மேல் தத்தெடுக்க முடியாது. அதனால் இந்த ஒரு குடும்பத்திற்காக அமெரிக்க நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே ஹாரி கொரியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். வழியில் மனம் தடுமாறியபோது வேதாகமத்தைத் திறந்ததாகவும், "நான் உன் சந்ததியைக் கிழக்கிலிருந்து வரப்பண்ணி" என்ற ஏசாயா 43-ஆம் அதிகாரத்தின் வசனம் கண்ணில் பட்டதாகவும் அந்தக் குடும்பத்தார் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். 1955 அக்டோபரில் அவர் பன்னிரண்டு குழந்தைகளோடு போர்ட்லண்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினார். அவர்களில் எட்டுப் பேர் ஹோல்ட் வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. அந்த அன்பு பொய்யானது என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அந்தச் செய்தி நாடெங்கும் பரவி, எங்களுக்கும் ஒரு குழந்தை வேண்டும் என்று கடிதங்கள் குவிந்தபோது, ஒரு குடும்பத்தின் பயணம் ஓர் ஏற்பாடாக மாறிற்று. ஹோல்ட் தம்பதியர் தொடங்கிய நிறுவனம், பெற்றோர் கொரியாவுக்கு வராமலேயே அவர்கள் சார்பில் அங்கேயே தத்தெடுப்பை முடித்து, வாடகை விமானங்களில் குழந்தைகளை அனுப்பியது. விசுவாசமுள்ள வீடு என்பதைத்தான் அவர்கள் முதலில் பார்த்தார்கள். அந்த வீட்டைத் தீர விசாரிப்பதில்லை, இது ஆபத்தான வழி என்று சமூகப் பணியாளர்கள் அப்போதே எச்சரித்தார்கள். 1961-ல் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் அந்த வழி அடைபட்டது. ஆனால் கொரியாவிலிருந்து குழந்தைகள் வருவது நிற்கவில்லை. போரின் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட பிறகும், நாடு செழிக்கத் தொடங்கிய பிறகும், பல நிறுவனங்களின் வழியாக அது பெருகிற்று. 1985 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 8,800-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மணமாகாத தாய்மாரின் பிள்ளைகள். அப்போது அங்கே போர் இல்லை. தனியாக ஒரு பிள்ளையைப் பெற்றவளுக்கு ஊரும் உறவும் அரசும் இடம் கொடுக்கவில்லை என்பதே காரணம்.

மினசோட்டாவில் வாழ்கிறவர்களுக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. கொரியாவிலிருந்து தத்தெடுக்கப்பட்டவர்கள் இந்த மாநிலத்தில் மிக அதிகம். என் நெருங்கிய தோழியும் அவர்களில் ஒருத்தி. 1970-களில், ஏறத்தாழ மூன்று வயதில், இங்கே ஒரு சிற்றூரில் இருந்த லுத்தரன் குடும்பத்துக்கு வந்தவள். அவளை வளர்த்த அம்மையாருக்கு இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவர் மாடியறையிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து மேசைமேல் திறந்து வைத்தார். உள்ளே ஒரு ஜோடி வெள்ளை ரப்பர் காலணிகள் இருந்தன. மூக்குப் பகுதி சற்று மேல்நோக்கி வளைந்தவை, என் உள்ளங்கைக்குள் இரண்டும் அடங்கிவிடும் அளவு. குதிகால் பக்கம் தேய்ந்து, ஒன்றின் ஓரத்தில் யாரோ சூடான கம்பியால் ஒட்டுப்போட்டதுபோல் ஒரு தழும்பு இருந்தது. கைவிடப்பட்ட பிள்ளைக்கு யார் செருப்புக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்திருப்பார்கள் என்று என் தோழி கேட்டாள். அந்தக் கேள்விக்கு அந்த மேசையில் இருந்த ஒருவரிடமும் பதில் இல்லை.

பிறகு அந்த அம்மையார் சொன்னது என்னை உலுக்கிவிட்டது. வந்த முதல் சில வாரங்கள் குழந்தை கட்டிலில் படுக்க மறுத்து, இந்தக் காலணிகளைப் பிடித்துக்கொண்டு தரையில்தான் தூங்கினாளாம். நடு இரவில் எழுந்து உட்கார்ந்து "ஒம்மா, ஒம்மா" என்று அழுவாளாம். பசிக்கிறது போலும் என்று எண்ணி அவர்கள் பால் கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார்கள். அந்தச் சொல்லின் பொருள் என்ன என்று ஒரு கொரிய மாணவர் மூலம் தெரிந்துகொள்ள அவர்களுக்கு எட்டு மாதங்கள் ஆயின. அதற்குள் அவள் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கொரிய மொழியில் தாயைக் கூப்பிடும் சொல் நம் சொல்லுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, தந்தைக்கு அவர்கள் சொல்லும் சொல் அப்படியே நம் "அப்பா"தான் என்பது தமிழர்களாகிய நமக்குத் தெரியும். அன்றிரவு அந்த வீட்டில் ஒரு தமிழ்ப் பெண் இருந்திருந்தால் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது.

என் தோழியின் கோப்பில் அவளுக்கென்று தயாரிக்கப்பட்ட ஒரு குடும்பப் பதிவேட்டின் நகல் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட கொரியக் குழந்தைகளுக்கு இப்படி அநாதைப் பதிவேடு எழுதுவது அன்றைய வழக்கம். தாயும் தந்தையும் இல்லாத ஒரு குடும்பம், அதன் தலைவர் மூன்று வயதுக் குழந்தை! அந்தக் காகிதம் இருந்தால்தான் அமெரிக்க விசா கிடைக்கும். உயிரோடு இருந்த பெற்றோரைக்கூட அந்த ஒரு தாள் இல்லாமல் ஆக்கிவிட்டது. 2025 மார்ச் மாதம் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் இதையெல்லாம் விசாரித்து, பெற்றோர் இருந்தும் அநாதை என்று எழுதியது, ஒரு குழந்தையின் அடையாளத்தில் வேறொரு குழந்தையை அனுப்பியது, தாயின் முறையான சம்மதம் இல்லாமலேயே அனுப்பியது ஆகியவை நடந்திருப்பதை ஒப்புக்கொண்டது. முறையிட்டிருந்த 367 பேரில் முதற்கட்டமாக 56 பேரை மனித உரிமை மீறலுக்கு ஆளானவர்கள் என்று அது அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு அதிபர் மன்னிப்புக் கேட்டார். என் தோழி அந்தச் செய்தியைத் தொலைபேசியில் எனக்குப் படித்துக் காட்டியபோது அழவில்லை. "என் அம்மா இதைக் கேட்டிருப்பாளா?" என்று மட்டும் கேட்டாள்.

நம் சபைகளில் தத்தெடுப்பைப் பற்றிப் பேசும்போது தவறாமல் எடுக்கும் வசனம் யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இருக்கிறது. மாசில்லாத சுத்தமான பக்தி எது என்று சொல்லும் வசனம் அது. திக்கற்ற பிள்ளைகள் என்ற சொல்லோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த சொல்லையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன். "திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் படுகிற உபத்திரவத்திலே அவர்களை விசாரிக்கிறதும்" என்றுதான் அது இருக்கிறது. பிள்ளையும் துணையற்ற தாயும் அந்த வசனத்தில் ஒன்றாகவே நிற்கிறார்கள். பிள்ளையை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ள அதில் இடமில்லை. விசாரிப்பது என்றால் என்ன என்று தமிழர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வீட்டில் துக்கம் என்றால் நாம் போய் விசாரிக்கிறோம், அரிசி பருப்பு வாங்கிக் கொடுக்கிறோம், பக்கத்தில் உட்காருகிறோம். அந்த வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவதில்லை. ஹோல்ட் தம்பதியரின் மகள் ஒருவர் செவிலியராகக் கொரியாவுக்குப் போய், இல்சான் என்ற இடத்தில் ஊனமுற்ற பிள்ளைகளோடு தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து 2019-ல் மறைந்தார். அந்தக் குடும்பத்தின் கதையில் நம் பிரசங்கங்கள் அதிகம் எடுத்துச் சொல்ல வேண்டிய பகுதி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

மோசேயின் கதையையும் எண்ணிப் பாருங்கள். நாணற்பெட்டியில் கிடந்த பிள்ளையைப் பார்வோனின் குமாரத்தி எடுத்தாள். ஆனால் பெற்ற தாயே கூலி வாங்கிக்கொண்டு பால்கொடுத்து வளர்த்தாள். கரையில் நின்று அக்காள் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனை ஜலத்தினின்று எடுத்தேன்" என்று சொல்லித்தான் அந்த இளவரசி பெயரே வைத்தாள். அவன் எங்கிருந்து வந்தான் என்பதை அவள் மறைக்கவில்லை. அவனை ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அதைச் சொன்னாள்.

நல்ல நோக்கம் மட்டும் போதாது என்பதற்கு இன்னோர் உதாரணமும் உண்டு. 2010 ஜனவரியில் ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்த சில வாரங்களில், அமெரிக்க பாப்டிஸ்ட் விசுவாசிகள் பத்துப் பேர் 33 குழந்தைகளை எல்லை தாண்டி அழைத்துச் செல்ல முயன்று கைதானார்கள். அநாதைகள் என்று அவர்கள் நம்பிய அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்குப் பிறகு நாடுகள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. 2004-ல் ஏறத்தாழ 23,000 குழந்தைகள் வெளிநாடுகளிலிருந்து அமெரிக்காவுக்குத் தத்து வந்தார்கள். 2023-ல் அந்த எண்ணிக்கை 1,300-க்கும் குறைவு. எத்தியோப்பியா 2018-ல் நிறுத்தியது, சீனா 2024-ல் நிறுத்தியது. காத்திருந்த குடும்பங்களின் வேதனையை நான் அறிவேன். ஆனாலும் இந்தக் கட்டுப்பாடுகளைச் சாத்தானின் தடை என்று ஜெபத்தில் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு இந்த விஷயத்தில் தனி வலி ஒன்று இருந்தது. 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இந்துக்கள், பௌத்தர்கள், சமணர்கள், சீக்கியர்களுக்கு மட்டுமே பொருந்தியதால், நம்மவர்கள் ஒரு பிள்ளையை வளர்த்தாலும் 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பாதுகாவலர்களாக மட்டுமே இருக்க முடிந்தது. பாளையங்கோட்டையில் என் அத்தை வளர்த்த பெண்ணுக்குப் பதினெட்டு வயது ஆன அன்று, சட்டத்தின் கண்ணில் இருவருக்கும் எந்த உறவும் இல்லாமல் போயிற்று. சிறார் நீதிச் சட்டம் வந்த பிறகுதான் கிறிஸ்தவர்களும் முழுமையான பெற்றோர் ஆக வழி பிறந்தது. அதே சட்டம் பிள்ளையை ஒப்படைத்த பெற்றோருக்கு மனம் மாறுவதற்கு இரண்டு மாத அவகாசம் தருகிறது. இந்திய அரசின் மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் வழியாகத் தத்தெடுக்கும் பெற்றோர் பலருக்கு அந்த இரண்டு மாதம் ஒரு தாமதமாகத் தெரிகிறது. ஒரு தாய் திரும்பி வந்து கதவைத் தட்டுவதற்கென்று சட்டம் விட்டுவைத்திருக்கும் நேரம் அது.

நான் அந்தத் தம்பதியரிடம் கேட்டுக்கொண்டது அதிகம் இல்லை. குழந்தைகள் நலக் குழுவின் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு தாளின் நகலையும் வாங்கி வையுங்கள், குழந்தை எந்த ஊரில் யார் கையில் கிடைத்தாள் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள், அவளுக்கு இருக்கும் பெயரை எடுத்துவிடாதீர்கள், சபையில் அவளை அநாதை என்று யாரும் சொல்ல விடாதீர்கள் என்று சொன்னேன். அமெரிக்கக் குடியுரிமைச் சான்றிதழைக் கையில் வாங்கும் வரை ஓயாதீர்கள் என்றும் சொன்னேன். தத்து வந்த பிள்ளைகளுக்குத் தானாகவே குடியுரிமை கிடைக்கும்படி 2001-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அப்போது பதினெட்டு வயதைத் தாண்டியிருந்தவர்களைச் சேர்க்காமல் விட்டதால், இங்கேயே வளர்ந்து நாற்பது வயதில் மொழி தெரியாத கொரியாவுக்கு நாடுகடத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அக்கா, அவளுடைய அம்மாவுக்காகவும் நாங்கள் தினமும் ஜெபிக்கலாம் அல்லவா?" என்றாள். அன்று நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

என் தோழியின் தத்தெடுப்பு ஆவணங்களைத் தேடித் தரும்படி கொரிய அரசுக்கு அவளும் அவளை வளர்த்த அம்மையாரும் சேர்ந்து விண்ணப்பித்திருக்கிறார்கள். பிஸ்கட் டப்பா இப்போது மாடியறையில் இல்லை, சாப்பாட்டு மேசைமேலேயே இருக்கிறது. பெற்ற தாய் கிடைத்தால் கொடுப்பதற்காக அந்த அம்மையார் நடுங்கும் கையெழுத்தில் நான்கு பக்கக் கடிதம் ஒன்றை எழுதி, காலணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். யார் பெயரைப் போடுவது என்று தெரியாததால், உறையின்மேல் "ஒம்மா" என்று மட்டும் எழுதியிருக்கிறார். விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.