வராத மாதத்துச் செலவையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம்

16, 17 வயசுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறேன். கூட்டு வட்டி நடத்துகிற ஒவ்வொரு வருஷமும் எனக்குள் ஒரு ஆதங்கம் எழும். அசல், வட்டி வீதம், காலம் மூன்றையும் சூத்திரத்தில் போட்டு விடை வந்ததும் பாடம் முடிந்துவிடுகிறது. இன்னும் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இதே பிள்ளைகளில் பலர் தங்கள் வாழ்க்கையின் மிகப் பெரிய கடனான வீட்டுக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவார்கள், அன்றைக்கு இந்தச் சூத்திரம் ஞாபகத்துக்கு வராது, எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்கிற இ.எம்.ஐ., அதாவது மாதத் தவணைத் தொகை மட்டும்தான் காதில் விழும்.

எனக்கு அப்படித்தான் விழுந்தது. சம்பளத்தில் இ.எம்.ஐ.யைக் கழித்தோம், மிச்சத்தில் குடும்பம் நடத்திவிடலாம் என்று தெரிந்தது, வீட்டை வாங்கிவிட்டோம். மூன்றாவது வருஷ மழையில் படுக்கையறைக் கூரையின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரக்கறை. பெயின்ட் அடித்து மறைத்தோம். அடுத்த மழைக்கு அது கதவளவுக்குப் பரவி, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து கட்டிலில் கொட்டியது. பார்க்க வந்த மேஸ்திரி சுத்தியலின் பின்பக்கத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ஒரு சத்தம், தண்ணீர் இறங்கிய இடத்தில் பொத்துப் பொத்தென்று வேறு சத்தம். அறையில் பாதிக்கு மேல் அந்த இரண்டாவது சத்தம்தான். அவர் சொன்ன தொகை எங்கள் இரண்டு மாதச் சம்பளம். கையில் அவ்வளவு இல்லை, கிரெடிட் கார்டில் போட்டோம். அதன் வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிடப் பல மடங்கு அதிகம். அதை அடைத்து முடிப்பதற்குள் பட்டபாடு இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது.

கூரை என்றைக்காவது ஒழுகும் என்று யாருக்குத்தான் தெரியாது? எங்களுக்கும் தெரியும். ஆனால் மாதாமாதம் வராத செலவை நாங்கள் செலவாகவே எண்ணவில்லை. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க நினைப்பது இந்த ஒன்றைத்தான். வராத மாதத்திலும் அந்தச் செலவு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இப்போது என் வகுப்பில் முதலில் கடனையே பிரித்துப் பார்க்கிறோம். ஒரு லட்சம் கடன், வருஷத்துக்கு 8 சதவீத வட்டி, 20 வருஷம். மாதத் தவணை சுமார் 836 வரும். முதல் மாதம் அதில் 667 வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 170கூட இல்லை. 20 வருஷத்தில் மொத்தம் கட்டுவது இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். சரி, பாதி அசல் எப்போது தீரும் என்று கேட்டால் எல்லோரும் 10 வருஷம் என்பார்கள். கணக்குப் போட்டால் பதின்மூன்றரை வருஷம் தாண்டுகிறது. 10 வருஷம் கட்டி முடித்தபிறகும் அசலில் 69 சதவீதம் பாக்கி நிற்கும். போன முறை கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கால்குலேட்டரை இரண்டு தரம் அழித்துவிட்டுப் போட்டுப் பார்த்தாள். "மிஸ், நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். தப்பே இல்லை, சரியாகத்தான் போட்டிருந்தாள். இதே கடனில் ஆரம்பத்திலேயே வட்டி 9 ஆகி, தவணையை மாற்றாமல் விட்டால் 20 வருஷக் கடன் 25 வருஷத்தைத் தாண்டிப் போகும். மாறும் வட்டி என்றால் என்ன என்பது இந்த ஒரு கணக்கில் புரிந்துவிடுகிறது.

அப்புறம்தான் வீட்டுக்கே வருகிறோம். சொத்து வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்றால் ஆறால் வகு. காப்பீடு வருஷத்துக்கு ஒருமுறை, பன்னிரண்டால் வகு. வெளிச்சுவருக்கு 7 வருஷத்தில் ஒருமுறை பெயின்ட் என்று வைத்துக்கொண்டால் 84 மாதம். வாட்டர் ஹீட்டர் 10 வருஷம் உழைத்தால் 120 மாதம். இப்படி வகுத்து வந்த சின்னச் சின்னத் தொகைகளை எல்லாம் கூட்டி இ.எம்.ஐ.க்குப் பக்கத்தில் எழுதச் சொல்வேன். பராமரிப்புக்கு வருஷத்துக்கு வீட்டு மதிப்பில் 1 சதவீதம் ஒதுக்கு என்று பொதுவாக ஒரு கணக்கு சொல்வார்கள். பழைய வீட்டுக்கு அது போதாது, ஆனாலும் தொடங்க நல்ல இடம். வீட்டு விலையில் 80 சதவீதம் மேலே சொன்ன மாதிரிக் கடனாக வாங்கியிருந்தால், இந்த 1 சதவீதம் இ.எம்.ஐ.யில் கிட்டத்தட்ட எட்டில் ஒரு பங்கு. அதை யாரும் பில் போட்டு அனுப்பமாட்டார்கள். நாமேதான் எடுத்து வைக்க வேண்டும்.

அடுத்த வகுப்பில் ஒரு டப்பா கொண்டுபோவேன், உள்ளே மடித்த சீட்டுகள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கற்பனைக் குடும்பம், கைக்கு வரும் சம்பளம், ஒரு வீடு. மாதத்துக்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். பாதிக்கு மேல் "ஒன்றுமில்லை" என்றுதான் இருக்கும். திடீரென்று ஒன்றில் குழாய் வெடித்தது, இன்னொன்றில் வட்டி ஏறியது, ஒன்றில் இரண்டு மாதம் சம்பளம் இல்லை. "ஒன்றுமில்லை" வந்த மாதத்தில் எடுத்து வைத்த குழு பிழைத்துக்கொள்கிறது. சொந்த வீட்டுக் கணக்கை எந்தப் பிள்ளையையும் கொண்டுவரச் சொல்வதில்லை. யார் வீட்டில் என்ன கஷ்டமோ, அதை நாற்பது பேர் முன்னால் திறந்து வைக்கச் சொல்ல நமக்கு உரிமையில்லை.

இந்த வயசில் வீட்டுக் கடன் எதற்கு என்று உடன் வேலை பார்ப்பவர்களே கேட்கிறார்கள். வேறு எந்த வயசில், யார் சொல்லிக்கொடுப்பார்கள்? 28 வயசில் சொல்லிக்கொடுக்க இருப்பவர்கள் வீட்டை விற்பவரும் கடன் கொடுப்பவரும்தான், இருவருக்கும் அன்றைக்குள் கையெழுத்து வேண்டும். வீடு வாங்கும் ஆசையைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க நான் இதைச் செய்யவில்லை. எங்கள் வீட்டை நான் இன்றும் நேசிக்கிறேன். ஆனால் ஒரு பையன் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டு, "இந்தச் சம்பளத்துக்கு இன்னும் அஞ்சு வருஷம் வாடகையே சரி மிஸ்" என்று எழுதிக் கொடுத்தான், அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். வாடகைப் பணம் வீணாகப் போகிற பணம் என்று நாம் பிள்ளைகள் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறோம், அது சரியில்லை. வட்டியும் வரியும் பராமரிப்பும்கூடத் திரும்பி வராத பணம்தானே.

கணக்கோ வணிகவியலோ எடுக்கும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், நான்கு வகுப்பு ஒதுக்கினால் போதும், புதுப் பாடப்புத்தகம் தேவையில்லை. கடன் கணக்கை மட்டும் கரும்பலகையில் நீங்களே போட்டுக் காட்டிவிடாதீர்கள். முதல் 12 மாதத்தையாவது பிள்ளைகளே வரிவரியாகப் போடட்டும், நேரமானாலும் பரவாயில்லை. சீட்டுகள் வேண்டுமென்றால் கேளுங்கள், என்னிடம் இருக்கும் நாற்பதையும் படம் எடுத்துப் போடுகிறேன்.