ஒரு பரப்புக் காணியில் 50 அடி எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணக் காணிக் கணக்கில் ஒரு பரப்பு என்றால் 10 பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பெருக்கிப் பார்த்தால் 2,722 சதுர அடி வரும். சதுரமாக அளந்தால் பக்கத்துக்கு 52 அடி.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 50 அடி விட வேண்டும் என்பது யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஒரு பரப்பில் அந்த 50 அடி வர வேண்டுமென்றால் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர் மூலையிலும் குறுக்காக வைக்க வேண்டும். அப்படி வைத்தால் உங்கள் குழி பக்கத்து வளவின் மூலைக் கிணற்றுக்கு 10 அடியில் போய் நிற்கும். வரைபடத்தில் உங்கள் 50 அடி சரி. பக்கத்து வீட்டுக்காரர் குடிக்கிற தண்ணீரோ கெட்டுவிட்டது.

"என்ரை காணி, என்ரை உறுதி, நான் விரும்பினதைக் கட்டுவன்" என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கணக்கைத்தான். மதில் நிலத்துக்கு மேலேதான் இருக்கிறது. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமாக இருக்கும். மணல் வடிகட்டுவதுபோல இது தண்ணீரை வடிகட்டாது, அப்படியே கடத்திவிடும். மாரியில் நீர்மட்டம் ஏறும்போது, அடிப்பக்கம் பூசாமல் திறந்துவிட்ட மலக்குழியும் கிணறும் ஒரே தண்ணீரைத்தான் பங்குபோடுகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் "அபிவிருத்தி" என்று எதைச் சொல்கிறது என்பதைப் பலர் வாசித்ததே இல்லை. கட்டடம் எழுப்புவது மட்டும் அபிவிருத்தி அல்ல. காணியைத் துண்டுபோடுவதும் அபிவிருத்தி. ஒரு செங்கல்கூட வைக்காமல் பாவனையை மாற்றுவதும் அபிவிருத்தி. இந்தச் சட்டத்தின் கீழ் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிக்குள் இவை எல்லாவற்றுக்கும் முன்னனுமதி வேண்டும். பயிர்ச்செய்கையும், வீட்டு வளவுக்குள் வீட்டுத் தேவைக்கான பாவனையும் விதிவிலக்கு.

எங்கள் ஊரில் ஆட்கள் அகப்படுவது இந்த "பாவனை மாற்றம்" என்ற இடத்தில்தான். குடியிருக்க என்று அனுமதி எடுத்த வீட்டின் மேல்மாடியில் ரியூசன் நடக்கும். பின் வளவில் கராஜ் வரும். முன்னறை கடையாகும், முழு வீடும் விருந்தினர் விடுதியாகும். சுவர் மாறவில்லை, எனவே அனுமதி தேவையில்லை என்று நினைக்கிறார்கள். ஆனால் 10 அடி ஒழுங்கைக்குள் பின்னேரம் 200 சைக்கிள் வந்து நின்றால், அந்த ஒழுங்கையில் கிடக்கிற நோயாளியை ஏற்ற அம்புலன்ஸ் எப்படி உள்ளே போகும்? வலயம் பிரிப்பது இதற்குத்தான். ஓரிடத்தில் எது வரலாம் என்று முடிவெடுக்கும்போது வீதி அகலம், வடிகால், வாகனத் தரிப்பு எல்லாம் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கராஜுக்கும் அரைக்கும் ஆலைக்கும் இதற்கு மேல் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். அது தனி விண்ணப்பம்.

அனுமதியில்லாமல் செய்தால் உள்ளூராட்சிச் சபை முதலில் எழுத்தில் அறிவித்தல் தரும்: நிறுத்து, பழைய நிலைக்குக் கொண்டுவா. கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே கேட்கப்படுகிற கேள்வி, அனுமதி இருக்கிறதா என்பது. எவ்வளவு காசு செலவழித்தீர்கள் என்று கேட்டு யாரும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

வெளிநாட்டில் இருந்து காணி வாங்குகிறவர்கள் ஏமாறுவது வேறொரு இடத்தில். நொத்தாரிசு உறுதி எழுதுகிறார், காணிப் பதிவகத்தில் பதிவாகிறது. அதோடு எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். பதிவு, காணி யாருடையது என்பதைத்தான் சொல்லும். துண்டுபோட்டதற்குச் சபை அனுமதி கொடுத்ததா என்பதைச் சொல்லாது. பொதுவிதியின்படி ஒரு துண்டு குறைந்தது 150 சதுர மீற்றர் இருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 6 பேர்ச். முகப்பு 6 மீற்றர். ஒரு ஹெக்டயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டுபோட்டால் 10 வீதம் பொது வெளிக்கு விட வேண்டும். அனுமதியில்லாத துண்டை வாங்கியவருக்கு உறுதி கையில் இருக்கும், கட்டட அனுமதி கிடைக்காது. விற்றவர் அதற்குள் காசோடு போயிருப்பார்.

வயலை நிரப்பி விற்பது இன்னும் மோசம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, அனுமதியில்லாமல் நெற்காணியை வேறு தேவைக்குப் பயன்படுத்த முடியாது. நாலு லோட் கிரவல் கொட்டி மேடாக்கிவிட்டால் வயல் வளவாகிவிடாது. தண்ணீருக்குப் போக இடம் வேண்டும். 2024 நவம்பர் மழையில் குடாநாடு மூழ்கியதை எல்லோரும் பார்த்தோம்.

முற்பணம் கொடுக்க முன்னம் செய்ய வேண்டியவை அதிகமில்லை, ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் சபைக்குப் போய் அந்தக் காணி எந்த வலயத்தில் இருக்கிறது, நீங்கள் நினைக்கிற பாவனைக்கு அங்கே இடமுண்டா என்று கேளுங்கள். கையோடு வீதிக்கோட்டுச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். பிரதான வீதி அகலிக்க ஒதுக்கிய கோடு உங்கள் முன்விறாந்தைக்கு ஊடாகப் போனால், அந்தப் பகுதிக்கு நீங்கள் கொடுக்கிற காசு வீண். கரையோரம் என்றால், குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கங்களில், உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி அங்கும் தனி அனுமதி வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகு நில அளவைப் படம், பிறகு உறுதி, கடைசியாகக் கட்டட வரைபடம். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

வரைபடத்தில் அடிக்கடி திருப்பி அனுப்பப்படுவது பின்பக்க வெளி. 1915 ஆம் ஆண்டிலிருந்து வருகிற வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டத்தின் 63½ பாகை ஒளிக்கோணம் இன்னும் உயிரோடு இருக்கிறது. சுருக்கமாக, 2 அடி உயரத்துக்கு 1 அடி வெளி. 20 அடி உயரச் சுவர் என்றால் 10 அடி விட வேண்டும். இதை விடாமல் மேல்மாடி போட்டால் வீடு முடிந்த பிறகு அமைவுச் சான்றிதழ், சி.ஓ.சி என்கிறோமே, அது கிடைக்காது. வங்கிக் கடனுக்கோ விற்பனைக்கோ போகும்போதுதான் அந்தத் துண்டுக் கடதாசியின் பெறுமதி தெரியும்.

இவ்வளவு விதியையும் ஆதரிக்கிற நான் ஒரு விதியோடு மட்டும் உடன்பட மாட்டேன். அந்த 6 பேர்ச் கணக்கு. 6 பேர்ச் என்றால் 40 அடிக்கு 40 அடி. குடிதண்ணீர் குழாயில் வந்து கழிவும் குழாயில் போகிற நகரத்தில் அது போதும். யாழ்ப்பாணத்தில் நகரளவிலான கழிவுக்குழாய் வலையமைப்பு இல்லை. தாளையடியில் இருந்து கடல்நீரைச் சுத்திகரித்துக் குழாயில் தந்தாலும், கழிவு போவது அதே சுண்ணாம்புக்கல்லுக்குள்தான். குடியிருப்புக் காணியில் 65 வீதம்வரை கட்டடத்தால் மூடலாம் என்கிற விதியோடு சேர்த்துப் பாருங்கள்: ஒரு பரப்பில் மிஞ்சுவது 950 சதுர அடி. அதற்குள் கார், கிணறு, குழி, ஒரு முருங்கை.

கழிவுக்குழாய் வரும்வரை இங்கே குறைந்தபட்சத் துண்டை ஒரு பரப்புக்கு மேல் உயர்த்த வேண்டும். அதைவிடச் சிறிதாக வெட்டுகிறவர், அத்தனை வீட்டுக்கும் பொதுவாக அடியும் சுவரும் பூசிய தொட்டியும் சுத்திகரிப்பும் கட்டித்தர வேண்டும். இது செலவுள்ள வேலை, காலமும் எடுக்கும். இன்னொன்றை நாளைக்கே செய்யலாம். இப்போது பெரும்பாலான வரைபடங்களில் நம்முடைய வளவுக் கிணறு மட்டும் ஒரு வட்டமாக இருக்கும், வேலிக்கு அப்பால் வெறும் வெள்ளைத் தாள். காணி எல்லையிலிருந்து 50 அடிக்குள் இருக்கிற அயல் கிணறுகளையும் குழிகளையும் படத்தில் குறித்தால்தான் விண்ணப்பம் ஏற்கப்படும் என்று சபைகள் ஒரு வரி சேர்க்கட்டும். பங்குக் கிணறு என்றால் உறுதியில் உள்ள கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் அதே படத்தில் வரட்டும். அளக்க வந்த சேவையர் நாடாவோடு எப்படியும் வேலியடியில்தான் நிற்கிறார்.