எத்தனை நாளுக்கு தம்பி?

கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லத்துக்குச் சேவைக்குப் போன பிள்ளைகள் அங்கிருந்த பெரியவரோடு எடுத்த போட்டோவை இணையத்தில் போட, இல்லத்து சிஸ்டர் எடுக்கச் சொன்னாரே, அந்தப் போட்டோ விவகாரத்தில் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று ஒருவர் 'சேவை செய்ய வந்த பிள்ளைகளை அவமானப்படுத்திய சிஸ்டர் மன்னிப்புக் கேட்க வேண்டும்' என்று எழுத, அதற்கு என் நட்பு வட்டத்திலேயே ஆளாளுக்கு ஹார்ட் விட்டிருந்தார்கள். அப்புறம் எப்படிச் சும்மா இருப்பது?

சிஸ்டர் என்ன சொன்னார்? போட்டோவை எடுத்துவிடுங்கள் என்றார். அவ்வளவுதான். வாயோரம் கஞ்சி வழிய, லுங்கி நழுவ ஒரு பெரியவர், பக்கத்தில் பத்து நாள் சேவைக்கு வந்த தம்பி கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு. உங்கள் அப்பா என்றால் போடுவீர்களா?

'பத்து நாளாவது வந்தார்களே, நீ என்ன கிழித்தாய்?' சொல்கிறேன். 2016 டிசம்பர், வர்தா புயல் அடித்த சமயம், ரெட்ஹில்ஸ் தாண்டி இதே மாதிரி ஓர் இல்லத்தில் பதினாலு நாள் இருந்தேன். பெரியவர்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லப் போகிறோம் என்ற நினைப்பில் போனவனிடம் பெட்ஷீட்டைக் கொடுத்தார்கள். கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, அடிபம்பில் தண்ணீர் அடித்து, மலமும் மூத்திரமுமாக இருந்ததை ப்ளீச்சிங் பவுடரில் ஊறவைத்து அலசியதில் கை தோலுரிந்தது. நாலாம் நாள் ஒரு தாத்தா, "எத்தனை நாளுக்கு தம்பி?" என்றார். பதினாலு என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அதோடு பேச்சே இல்லை. எனக்குக் கோபம், அந்த இல்லத்து சிஸ்டரிடம் போய்க் குறை சொன்னேன். "போன மாசம் வந்த பையனை இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கார். உங்களையும் சேர்த்துத் தேடணுமா?" என்றார்.

குறைந்த நாள் போவது தப்பென்று நான் சொல்லவில்லை. மதர் தெரசா 1952-இல் கல்கத்தா காளிகாட்டில், சாகக் கிடப்பவர்களுக்காக ஆரம்பித்த நிர்மல் ஹிருதய் இல்லத்துக்கு எங்கெங்கிருந்தோ வந்து சில நாள் துணி துவைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. 1921-இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கிய ஜேசுதாசனும் பேட்டனும் பெரியண்ணன், சின்னண்ணனாக அங்கேயே வாழ்ந்தார்கள், அதெல்லாம் உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. சரி, பத்து நாள் போங்கள். போனை வைத்துவிட்டுப் போங்கள்.

'போட்டோ போட்டால்தானே நன்கொடை வரும்?' இதில் நியாயம் இருக்கிறது, ஜெபத்தால் மட்டும் அரிசி வராது. சமையல்கட்டைப் போடுங்கள், ஒழுகுகிற கூரையைப் போடுங்கள், யார் வேண்டாமென்றது? காப்பகக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாதென்று 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. கிழவருக்கும் சட்டம் காட்டினால்தான் மரியாதை தருவீர்களோ?

'மதம் மாற்றுகிற கூட்டத்துக்கு வக்காலத்தா?' நெற்றியில் திருநீறோடுதான் ஐயா துவைத்தேன். யாரும் அழிக்கச் சொல்லவில்லை. இப்போது என்னையே கிரிப்டோ, அதாவது ரகசியக் கிறிஸ்தவன் என்கிறார்கள், அதுவும் என் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள். இருக்கட்டும்.

பதினாலாம் நாள் அந்தத் தாத்தா கட்டில் பக்கம் போகத் தைரியமில்லாமல் பின்வாசல் வழியாக வந்து பஸ் ஏறினேன். அவர் பெயர் ஞாபகம் இருக்கிறது. கமெண்டில் கேட்காதீர்கள்.