சுவர்க்கோழி கோழியை வென்றுவிட்டதா?

"100 கிராம் கோழியிறைச்சியில் புரதம் 20 கிராம், சுவர்க்கோழியில் 60 கிராம். பிடித்து வறுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்" என்றொரு செய்தி மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. சுவர்க்கோழி ஒரு பூச்சி. பெயரில் கோழி இருப்பது மட்டும் உண்மை.

60 என்பது உலர்த்திப் பொடியாக்கிய பூச்சியின் கணக்கு. 20 பச்சை இறைச்சியின் கணக்கு. கொழுந்து நிறுக்கும் நமக்கு இது புதிதல்ல: ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போகிறது. உயிருள்ள சுவர்க்கோழியில் ஏறக்குறைய 70 வீதம் தண்ணீர். அப்படியே நிறுத்தால் அதிலும் புரதம் சுமார் 20 கிராம்தான்.

அந்த 60கூட கொஞ்சம் ஊதிப்பெருத்த எண். ஆய்வுகூடத்தில் வழக்கமாக நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்கிப் புரதம் என்பார்கள். பூச்சியின் ஓட்டிலுள்ள, புரதமல்லாத கைற்றின் என்ற பொருளிலும் நைதரசன் உண்டு. அதுவும் புரதக் கணக்கில் ஏறிவிடும். சில பூச்சிப் புழுக்களுக்கு 6.25க்குப் பதிலாக 4.76ஆல் பெருக்குவதுதான் பொருத்தம் என்று 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

பூச்சியில் சத்தில்லை என்று சொல்லவில்லை. உண்ணத்தக்க பூச்சிகள் பற்றிய ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் 2013 அறிக்கை இணையத்தில் இலவசம். அட்டவணையில் பச்சை எடையா, உலர் எடையா என்று பாருங்கள். ஆனால் மருந்தடித்த மலையில் பிடித்ததைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். இறால் ஒவ்வாதவருக்குப் பூச்சியும் ஒவ்வாமல் போகலாம்.

அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.