அலைக்கற்றை ஏலமும் பணகுடிப் பக்கத்துக் கேபிள்காரரும்

தமிழ்நாட்டில் அலைக்கற்றையை, அதாவது கைப்பேசியும் இணையமும் காற்றில் பயணிக்கும் அலைவரிசைகளை, பற்றிப் பேச்செடுத்தாலே அது 2ஜி வழக்கில் போய் நின்றுவிடுகிறது. 2008-இல் ஏலம் விடாமல் வழங்கப்பட்ட 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ரத்து செய்ததும், தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொன்ன 1.76 லட்சம் கோடி ரூபாய் இழப்பும் டீக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தன. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்த செய்தி அந்த அளவுக்கு வந்து சேரவில்லை. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஏலம் விட்டால் நேர்மை, விடாவிட்டால் ஊழல் என்று நாம் முடிவுகட்டிக்கொண்டதுதான் என் கவலை. இயற்கை வளங்கள் எல்லாவற்றுக்கும் ஏலம் ஒன்றே வழி என்றில்லை என்று, குடியரசுத் தலைவர் விளக்கம் கேட்டபோது அதே உச்ச நீதிமன்றம் அதே 2012 செப்டம்பரில் பதில் சொன்னது பலருக்கு நினைவில் இல்லை.

நான் ஏலத்துக்கு எதிரி அல்ல. மாநிலம் முழுவதும் கோபுரம் நட்டுக் கைப்பேசிச் சேவை நடத்தப் போகிற நிறுவனங்களுக்கு, யாரும் யார் காதிலும் ஓதாமல், வெளிப்படையாக விலை கேட்டுக் கொடுப்பதுதான் முறை. ஆனால் ஏலத்தில் வைக்கப்படும் பொட்டலத்தின் அளவைப் பாருங்கள். நாடு 22 தொலைத்தொடர்பு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சென்னையும் புதுச்சேரியும் சேர்ந்த முழுத் தமிழ்நாடும் ஒரே வட்டம். திருநெல்வேலி மாவட்டம் பணகுடிப் பக்கம் கேபிள் டிவியோடு இணைய இணைப்பும் கொடுத்துவரும் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். “துட்டு குடுக்க மாட்டோம்னா சொல்லுதோம், அண்ணாச்சி? நமக்கு வேண்டியது நாலு ஊரு. அவங்க மொத்தத் தமிழ்நாட்டையும்லா ஒண்ணா விக்காங்க” என்றார். பல பக்க அறிக்கைகளில் கிடைக்காத தெளிவு அது.

அவர் இன்று நம்பியிருப்பது, வீட்டு வைஃபையும் இயங்குகிற, உரிமம் தேவைப்படாத 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையை (அலைவரிசைத் தொகுப்பை). 2018 அக்டோபரில் அரசு அதை விரிவாகத் திறந்துவிட்டது நல்ல காரியம். அது இல்லாவிட்டால் ஃபைபர் போகாத ஊர்களுக்கு அவரால் இணைப்பே கொடுத்திருக்க முடியாது. அவர் வீட்டு மொட்டைமாடியில் ஓர் இரும்புக் குழாய், அதை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகள், உச்சியில் சாப்பாட்டுத் தட்டளவு ஒரு டிஷ். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மாடியில் அதற்கு நேர் எதிரே இன்னொன்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடித்தால் குழாய் அசையும், சிக்னலின் வலு, அவர் கருவி காட்டும் கணக்கில், மைனஸ் 58-லிருந்து மைனஸ் 75-க்கு விழும், அவர் ஸ்பேனரோடு மாடி ஏற வேண்டும். நடுவில் பனைகள் நின்றாலும் தொல்லை. இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம், ஆனால் சாயங்காலம் வீட்டு வைஃபைகளும் அடுத்த கேபிள்காரரின் ரேடியோவும் அதே பட்டையில் வந்து நெரிக்கும்போது அவரால் செய்யக்கூடியது எதுவுமில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் பொதுவான அந்த இடத்தில் அவருக்கென்று பாதுகாப்பு கிடையாது.

மறுபக்கம் என்ன நடக்கிறது? நெடுந்தூரம் போகக்கூடிய, கிராமப்புறத்துக்கென்றே அமைந்தது போன்ற 700 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2016-இல், நாடு முழுவதற்குமாக, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் அடிப்படை விலை வைத்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. 2021-இல் 6,568 கோடியாகக் குறைத்தும் போகவில்லை. 3,927 கோடிக்கு இறக்கிய பிறகு 2022-இல் ஜியோ மட்டும் வாங்கியது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகள் அந்த அலைகளால் அரசுக்கு ஏல வருமானமும் இல்லை, ஊருக்கு இணையமும் இல்லை. விற்ற அலைக்கற்றையின் பணமாவது ஒழுங்காக வந்ததா என்றால், வோடஃபோன் ஐடியா செலுத்த வேண்டிய நிலுவையில் 36,950 கோடி ரூபாயை 2025-இல் அரசு பங்குகளாக மாற்றிக்கொண்டு, அந்த நிறுவனத்தில் ஏறத்தாழ 49 விழுக்காட்டை வைத்திருக்கிறது. ஏலத் தொகையைக் கேட்டவுடன் அதைக் கஜானாவுக்கு வந்துவிட்ட பணமாகவே எண்ணிவிடுகிறோம்.

நம் பக்கத்துக் குளங்களில் மீன்பாசியை ஏலம் விடுவார்கள், கரையில் நிற்கும் புளிய மரங்களையும் குத்தகைக்கு விடுவார்கள். தண்ணீரை மட்டும் யாரும் ஏலம் விட்டதில்லை, அது ஆயக்கட்டுக்கு முறை வைத்துப் போகும். மீன் குத்தகை எடுத்தவர் குளம் முழுக்க என்னுடையது என்று மடையை அடைக்க முடியாது. ஒரே குளத்தில் ஏலமும் பங்கும் சண்டையில்லாமல் இருக்க முடியுமென்றால் அலைக்கற்றையில் ஏன் முடியாது? அலை செலவழிந்து தீர்ந்துபோவதும் இல்லை. வள்ளியூரில் ஒருவர் பயன்படுத்தும் அதே அலைவரிசையை, ஆற்றலைக் குறைத்து, மாஞ்சோலை மலைமேல் வேறொருவர் இடையூறின்றிப் பயன்படுத்தலாம்.

இது கற்பனைத் திட்டமும் அல்ல. அமெரிக்காவில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையில் முதல் உரிமை கடற்படை ரேடாருக்கு. அடுத்தது மாவட்ட அளவில் ஏலம் எடுத்தவர்களுக்கு. அவர்கள் இருவரும் பயன்படுத்தாத இடத்திலும் நேரத்திலும் மற்ற எவரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எந்த நேரத்தில் எந்த அலைவரிசை காலி என்பதைக் கணினித் தரவுத்தளம் ரேடியோவுக்குச் சொல்லிவிடுகிறது. அங்கே 2020-இல் நடந்த ஏலத்தில் 458 கோடி டாலர் வந்தது. பகிர்ந்தால் யாரும் விலை கேட்க மாட்டார்கள் என்ற பயத்துக்கு அதுவே பதில். பிரிட்டனோ 3.8 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை உள்ளூர் உரிமங்களைச் சிறு ஆண்டுக் கட்டணத்துக்குத் தருகிறது.

இங்கும் சட்டம் கதவை மூடவில்லை. 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, ஒருவருக்கு ஒதுக்கிய அலைக்கற்றையை, அவருக்குத் தீங்கான இடையூறு நேராதபடி, இரண்டாம் நிலையில் இன்னொருவருக்கும் ஒதுக்க அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. தக்க காரணமின்றிப் பயன்படுத்தாமல் கிடப்பதைத் திரும்பப் பெறவும் இடம் தருகிறது. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கியதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பெரிய நிறுவனங்கள் கேட்கலாம். கோபுரம் நட்டுச் சேவை தரும் ஊரில் ஒரு மெகாஹெர்ட்ஸைக்கூட யாரும் கேட்கவில்லை. நடாத ஊரில் அவர்களுக்கு என்ன நட்டம்?

ஆனால் அதிகாரியின் விருப்பப்படி ஒதுக்கும் பழைய முறை திரும்பக் கூடாது. அதில் ஏலம்தான் வேண்டும் என்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு. ஊராட்சி ஒன்றியத்தை அலகாக வைத்து, எங்கே யாருடைய அலைக்கற்றை பயன்பாட்டில் உள்ளது என்ற பதிவேட்டைப் பொதுவில் வைத்து, விண்ணப்பிப்பவர் எவராயினும் ஒரே கட்டணம் என்று விதி செய்ய வேண்டும். கால அளவும் முக்கியம்: இரண்டாம் நிலை ஒதுக்கீடு ஐந்து ஆண்டுகளாவது நீடிக்காவிட்டால் எந்தக் கேபிள்காரரும் கடன் வாங்கிப் புதிய ரேடியோ வாங்க மாட்டார், வங்கியும் அவருக்குக் கடன் கொடுக்காது.